பிள்ளையாரைச் சுற்றி நூறு மீட்டர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இது அடுத்த வருடத்து டைரி. அட்டையில் தங்க எழுத்து கோணலாக விழுந்துவிட்டது என்று பைண்டிங்கில் கழித்துப் போட்டிருந்தார்கள், கேட்டு வாங்கி வந்தேன். கிழமைகள் பொருந்தாது. அடித்து எழுதிக்கொள்கிறேன். பாப்பா தூங்கிய பிறகுதான் பேனாவைத் தொட முடிகிறது. நடுநடுவே எழுந்து போய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். மூச்சு சீராகத்தான் வருகிறது.

இன்று ஆடிப்பெருக்கு. சிவகாசியில் எல்லா அச்சகத்திலும் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை அடுக்கிய ஆல்பத்துக்குப் பூஜை. எங்கள் அச்சகத்தில் ஆல்பத்தோடு சேர்த்து ஒரு செல்போனுக்கும் பூஜை நடந்தது. தாம்பாளத்தில் வைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து. நாளை முதல் வருகைப் பதிவு போனில்தான். ரேகை மிஷின் இனி இல்லை. பசை தடவித் தடவி பைண்டிங் அக்காமார்களுக்கு ரேகையே தேய்ந்துபோய், அந்த மிஷின் பாதிப் பேரை ஏற்றுக்கொள்ளாது. இனி எதையும் தொட வேண்டாம். அவரவர் போனில் முகத்தைக் காட்டினால் போதும், நாம் எங்கே இருக்கிறோம் என்று நாள் முழுக்க அதுவே பார்த்துக்கொள்ளும். கொண்டுவந்தவர் புது மேனேஜர் சபரிநாதன் சார்.

பூஜை முடிந்ததும் ஆப் கம்பெனிப் பையன் ஸ்பீக்கரில் பேசினான். "சார், காம்பவுண்டுக்கு நட்டநடுவுல நின்னு 'இடம் பதிவு' அமுக்குங்க. நீங்க நிக்கிற எடத்துல இருந்து நூறு மீட்டருக்கு ஒரு வட்டம் விழும். அதுக்குள்ள இருந்தா பச்சை, வெளிய போனா சிவப்பு."

"தம்பி, எங்க ஊர்ல எதை ஆரம்பிச்சாலும் ஈசானிய மூலையில பிள்ளையார்கிட்டதான். நல்ல நேரம் முடியப் போகுது" என்றார் மேனேஜர்.

"ஒரு தடவை அமுக்கிட்டா மாத்துறதுக்கு முதலாளி போன்ல அனுமதி குடுக்கணும் சார். நீங்கதான் அப்படி வைக்கச் சொன்னீங்க."

"ஆமா, அப்பத்தான் எவனும் கை வைக்க மாட்டான்."

பிள்ளையாருக்கு முன்னால் நின்று அமுக்கினார். எல்லாரும் கை தட்டினோம். முதலாளி அண்ணாச்சி ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். நானும் கை தட்டினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாதக் கடைசியில் போன் சொல்கிற விவரங்களைத் தொகுத்துச் சம்பளக் கணக்கோடு சேர்ப்பது என் வேலையாம். பி.காம் படித்ததற்கு இது கிடைத்தது.

விதிகளை மேனேஜரே வாசித்தார். ஐந்து நிமிடத்துக்கு மேல் வெளியே போனால் அரை நாள் கட். தொடர்ந்தால் வேலையை விட்டு நிறுத்தம். வெளியே போனவர் பட்டியலும், மாலையில் முகம் காட்டும்போது எடுக்கிற போட்டோவும் தானாக அச்சக வாட்ஸ்அப் குரூப்பில் விழும். கையால் திருத்தம் கிடையாது. "போன் சொல்றதுதான் கடைசி வார்த்தை" என்றார். மேனேஜரும் அண்ணாச்சியும் மட்டும் பட்டியலில் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மாட்டிக்கொண்டேன்.

பாப்பாவுக்கு ஆறு மாதம். வீட்டுக்காரர் காலண்டர் ஆர்டர் பிடிக்கக் கர்நாடகா பக்கம் போய்விட்டார். சீசன் முடிந்து கார்த்திகையில்தான் முகத்தைப் பார்க்கலாம். அச்சகத்தின் பின் கேட்டைத் தாண்டினால் எனக்கு அண்ணி முறையாகிற வேலம்மா மைனி வீடு. பகலில் பாப்பா அங்கேதான். வேலைக்குத் திரும்பியதிலிருந்து காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பின்பக்கமாகப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். பழைய மேனேஜர் கேட்டதில்லை.

இன்று குரூப்பில் சிவப்பில் என் பெயர். அரை நாள் போயிற்று.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். சட்டத்திலேயே பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு சார் என்றும் சொன்னேன்.

"சட்டமா? நீங்க வக்கீலுக்குப் படிச்சீங்களா, பி.காம் படிச்சீங்களா?" சிரித்தார். "புட்டிப் பால் எதுக்கும்மா இருக்கு? இன்னைக்கு நீங்க போவீங்க, நாளைக்கு இன்னொருத்தி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேம்பா. நான் மாட்டுப் பண்ணையா நடத்துறேன்?"

மிஷின் ஆட்கள் இரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள். சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாப்பாவுக்கு லேசான இருமல். கற்பூரவல்லிச் சாறு கொடுத்தேன். பகலில் நெஞ்சு கல்லாகக் கனத்தது. கழிவறையில் பீய்ச்சி ஊற்றினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மாலையில் கிளம்பும்போது முகத்தைக் காட்டினேன். மடித்து வைத்திருந்த துணியும் நனைந்து, சுடிதாரின் முன்பக்கம் இரண்டு இடத்தில் ஈரமாகியிருந்தது. துப்பட்டா விலகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. போன் முகத்தை மட்டும்தான் எடுக்கும் என்று நினைத்திருந்தேன். இடுப்புவரை எடுத்திருக்கிறது.

குரூப்பில் விழுந்தது. எண்பது பேர் இருக்கிற குரூப்.

வீட்டுக்கு வந்து பாப்பாவை மடியில் போட்ட பிறகுதான் பார்த்தேன். கீழே மேனேஜர் எழுதியிருந்தார்: "ஓவர்டைம் போல." ஒரு சிரிக்கிற முகம். அதற்குக் கீழே யார் யாரோ கட்டைவிரல்.

உடனே கூப்பிட்டேன். எடுத்துவிடுங்கள் சார் என்றேன். "ஆட்டோமேட்டிக்கா விழறதும்மா, நான் என்ன செய்ய? காலையில பாக்குறேன்." அழிக்கிற வசதி அவர் போனிலும் அண்ணாச்சி போனிலும்தான் உண்டு. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ராத்திரி முழுக்க அது அங்கேயே கிடக்கும்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் அழித்தான். இனி இந்த டைரியில் அவனுக்கு 'ர்' கிடையாது.

பைண்டிங் பக்கம் போனபோது சுப்புத்தாய் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். தன் டிபனில் இருந்து ஒரு பணியாரத்தை என் வாயில் திணித்தாள்.

இவர் போனில் பேசினார். விஷயத்தைச் சொன்னேன். "விடு, சீசன் நேரம். வேலை முக்கியம்" என்றார். விடச் சொல்லுகிறார். விடமாட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று சிரித்தேன். பல நாளைக்குப் பிறகு.

சுப்புத்தாய் அக்கா வேலை செய்வது தென்மேற்கு ஓரத்தில் தகரம் அடிக்கிற செட்டில். காலண்டர் தலையில் தகரப் பட்டை வைத்து அழுத்துகிற வேலை. அந்தச் செட்டில் இருக்கிற ஏழு பேருக்கும் தினமும் சிவப்பு. காம்பவுண்டுக்குள்ளேயேதான் இருக்கிறோம் என்று அவர்கள் கத்தாத நாள் இல்லை.

"வெத்தலை போட வெளிய போறது, அப்புறம் போனைக் குத்தம் சொல்றது" என்றான் அவன்.

"யாரு, நானா? நான் வெத்தலை போட்டே வருசம் ஆச்சு. பல்லைப் பாக்குறீகளா?" அக்கா வாயைத் திறந்து காட்டினாள்.

"போன் பொய் சொல்லுமா, நீ பொய் சொல்லுவியா?"

"வாங்க சார். பிள்ளையாருக்கு முன்னாடி சூடத்தை ஏத்தி அடிச்சுச் சத்தியம் பண்றேன். வாங்க!"

விறுவிறுவென்று மொத்தக் காம்பவுண்டையும் கடந்து வடகிழக்கில், ஈசானிய மூலைக்குப் போனாள். பாதிப் பேர் பின்னால் போனோம். சூடத்தை ஏற்றி, கையை ஓங்கிய நேரத்தில், இடுப்பில் சொருகியிருந்த அவள் மகனுடைய உடைந்த போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தால் பச்சை. 'நீங்கள் பணியிடத்துக்குள் இருக்கிறீர்கள்.'

"பாத்தியளா! பிள்ளையாரே சொல்லிட்டாரு!" அக்கா குலவை விட்டாள்.

"இப்ப உள்ள காட்டுதுல்ல? அப்ப போன் சரியாத்தானே இருக்கு?" என்றான் அவன். "நீதான் அப்ப வெளிய இருந்திருக்க."

அந்த ஏழு பேருக்கும் அரை நாள் கட்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

செக்கில் கையெழுத்து வாங்க அண்ணாச்சி அறைக்குப் போனேன். வாஸ்துப்படி அண்ணாச்சி அறையும் மேனேஜர் அறையும் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், தகரச் செட்டை ஒட்டி இருக்கின்றன. அண்ணாச்சி சென்னையில் யாருடனோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போது என் போன் அதிர்ந்தது. சிவப்பு. 'நீங்கள் பணியிடத்துக்கு வெளியே இருக்கிறீர்கள்.'

முதலாளிக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். வெளியே இருக்கிறேனாம்.

சாப்பாட்டு இடைவேளையில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றினேன். என் மேஜை பச்சை. தகரச் செட் சிவப்பு. கழிவறை பச்சை. கிழக்குச் சுவருக்கு வெளியே, ரோட்டைத் தாண்டி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பச்சை. மிஷின் ஆட்கள் தினமும் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்து டீ குடித்தும் ஒருவன் பெயர்கூடக் குரூப்பில் வராதது ஏன் என்று புரிந்தது.

ஆடிப்பெருக்கன்று அவன் எங்கே நின்று அமுக்கினான் என்று நினைத்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் வரைந்தேன். கட்டடம், சுவர், பிள்ளையார். அவரை மையமாக வைத்து வட்டம். பாதி வட்டம் ரோட்டில் கிடக்கிறது. எதிர்ப்பக்கம் தகரச் செட்டும் இரண்டு அறைகளும் வெளியே. மையத்தைக் காம்பவுண்டுக்கு நடுவில் வைத்து இன்னொரு வட்டம் வரைந்தேன். எல்லாம் உள்ளே வருகிறது. மைனி வீட்டுக் கொல்லைகூட உள்ளே வருகிறது.

பாப்பா எழுந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

சொன்னால் என்ன நடக்கும்? அண்ணாச்சியிடம் போய், "அண்ணாச்சி, ஒரு சின்னத் திருத்தம்" என்பான். அனுமதி வாங்கி நகர்த்திவிடுவான். வெயிலுக்குக் குடை விரிக்கிற மாதிரி முடிந்துபோகும். என் போட்டோ எண்பது பேர் கண்ணில் அப்படியே இருக்கும். அவன் கண்ணில் ஒன்றும் இருக்காது.

அவன் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும். பெயர் சிவப்பில் விழ வேண்டும். அதற்கு முதலில் அவன் பட்டியலுக்குள் வர வேண்டும்.

காத்திருப்பேன். எனக்கு அவசரமில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

மாதக் கணக்கு முடித்துக் கொடுத்தேன். தகரச் செட் ஏழு பேருக்கும் பிடித்தம் எழுதினேன். போன் சொன்னதைத்தான் எழுதினேன். கூட்டத்தில் அண்ணாச்சியிடம் அவன், "ஒரே மாசத்துல எவ்வளவு மிச்சம் பாருங்க அண்ணாச்சி. இத்தனை நாளா உங்களை ஏமாத்தியிருக்காங்க" என்றான். அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

அதை அவன் தன் வாயால் சொன்னது நல்லது. மறக்காமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

பாப்பா கவிழ்ந்து தவழப் பார்க்கிறாள். மைனி வீட்டுத் தரையில் குண்டூசி கிடக்கிறதோ என்று பயம். கூட்டச் சொல்லி இரண்டு தடவை போன் செய்தேன். "ஏத்தா, நானும் மூணு பெத்தவதான்" என்று மைனி வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சுப்புத்தாய் அக்காவை நிறுத்திவிட்டார்கள். தொடர்ந்து சிவப்பு என்று காரணம். ஏழு பேரில் சத்தம் போடுகிற ஆள் அவள்தான்.

போகும்போது என் மேஜைக்கு வந்தாள். "இந்த வயசுல தீப்பெட்டி ஆபீஸ்ல போய் யாருகிட்ட நிக்க? நீ படிச்ச பிள்ளை. அந்தப் போன்ல என்னமோ கோளாறு இருக்கு, பாத்துச் சொல்லுத்தா" என்றாள்.

பார்க்கிறேன் அக்கா என்றேன்.

இன்று வேறு விசேஷமில்லை. புழுக்கம்.

செப்டம்பர் 15, திங்கள்

பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் லீவு. அதற்கும் அவனிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. "ஹாஸ்பிடல் சீட்டோட வாங்க" என்றான்.

மைனி, "பகல்ல பூரா புட்டி, ராத்திரி மட்டும் நீ. இது எத்தனை நாளைக்கு? மல்லிகைப் பூவை வச்சுக் கட்டு. பால் தானா வத்திரும்" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் மைனி. எல்லாம் சரியாயிரும்."

"என்ன சரியாகும்? அவன் என்ன உன்னைப் போ போன்னு அனுப்பப் போறானா?"

மைனியிடமும் சொல்லவில்லை. அவள் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 18, வியாழன்

பூ வாங்கினேன். கட்டினேன். அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. பாப்பா தேடித் தேடி அழுதுவிட்டுப் புட்டியைக் குடித்தாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மிஷின்களுக்கெல்லாம் பட்டை போட்டு, வாழைக்கன்று கட்டி. அண்ணாச்சி குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லாரும் பிள்ளையார் முன்னால் கூடியிருந்தோம். பொரி கொடுக்கிற நேரம்தான் அண்ணாச்சி நல்ல மனநிலையில் இருப்பார் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்.

"என்ன செண்பகம், பிள்ளை நல்லாருக்காளா? போன் சிஸ்டம் எல்லாம் எப்படிப் போகுது?" என்று அவரே ஆரம்பித்தார்.

"ரொம்ப நல்லாப் போகுது அண்ணாச்சி. ஒரே ஒரு குறைதான்."

"என்னம்மா?"

"மேனேஜர் சாருக்கு எங்களை மாதிரி ஒரு பதிவும் இல்ல. காலையில எங்களுக்கு முன்னாடி வந்து, கடைசியில போறவரு அவருதான். அவரு உழைப்பு மட்டும் கணக்குலயே வர்றதில்ல. அவரு பேரும் குரூப்ல வந்தா எங்களுக்கும் ஒரு இது இருக்கும்."

பைண்டிங் அக்காமார்கள் 'ஆமா, ஆமா' என்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கேலிக்காகச் சொன்னார்கள்.

"அட, சரியாத்தானே சொல்லுது பிள்ளை? என்னப்பா சபரி, நாளையில இருந்து நீயும் சேந்துக்க. மேனேஜர்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் ஒரே சட்டம்னு இருந்தாத்தானே அழகு?"

"அதுக்கென்ன அண்ணாச்சி" என்றான். மார்பை நிமிர்த்திக்கொண்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான்கூட. நானும் சிரித்தேன்.

நாளை லீவு. மூன்றாம் தேதி முதல்.

அக்டோபர் 3, வெள்ளி

மாலை குரூப்பில் சிவப்பு வரிசையில் முதல் பெயர்: சபரிநாதன். வெளியே இருந்த நேரம்: ஏறக்குறைய நாள் முழுவதும்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவளும் சிரித்தாள்.

அக்டோபர் 4, சனி

"அம்மா, என் போன்ல ஏதோ கோளாறு. நீங்க கையால திருத்திப் போட்டுருங்க." என் மேஜைக்கே வந்துவிட்டான். 'அம்மா' இன்று பணிவாக வந்தது.

"கையால திருத்தம் கிடையாதே சார். போன் சொல்றதுதான் கடைசி வார்த்தை."

"எனக்குத் தெரியாதா? நான்தானே போட்டேன் அந்த ரூல். அவசரத்துக்கு..."

"இன்னைக்கு உங்களுக்குப் போட்டா, நாளைக்கு இன்னொருத்தி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்னு வருவா சார்."

முகம் கறுத்தது. எனக்கு அன்றிலிருந்து ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அக்டோபர் 6, திங்கள்

கண்டுபிடித்துவிட்டான். மதியம் போனைக் கையில் பிடித்தபடி காம்பவுண்டில் அங்கும் இங்கும் நடந்தான். தகரச் செட் வாசலில் நின்றான். திரும்பி நடந்தான். பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்றவன் கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

இப்போது என்ன செய்வான்? அனுமதி கேட்டு அண்ணாச்சியிடம் போனால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால், மிச்சம் பிடித்துக் காட்டியதெல்லாம் திருட்டு என்றாகும். சொல்லாவிட்டால் தினமும் சிவப்பு.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பில் அடித்தேன். ஒரு பில்கூடத் தப்பாகவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியையும் லேப்டாப்பையும் பிள்ளையார் பக்கத்து வேப்ப மரத்தடிக்குக் கொண்டுபோய் உட்கார்ந்துவிட்டான். கேட்டால் உள்ளே புழுக்கமாம், இங்கே காற்று வருகிறதாம்.

பச்சை.

அக்டோபர் 9, வியாழன்

பைண்டிங் அக்காமார்கள் அவனுக்கு 'பூசாரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்று ஒருத்தி போகிற போக்கில், "சாமி, துன்னூறு குடுங்க" என்று கையை நீட்டிவிட்டுப் போனாளாம். டைனிங்கில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தகரச் செட் ஆறு பேரும் சிரித்தார்கள். அவர்களுக்கு இன்றும் சிவப்புதான்.

அக்டோபர் 13, திங்கள்

மழை! காலையிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. அவன் குடையோடு உட்கார்ந்திருந்தான். அண்ணாச்சி பெங்களூர் பார்ட்டிகளோடு அறையில் இருந்ததால் உள்ளே போகவும் முடியாது. போனால் 'எங்கப்பா இருந்த' என்று கேள்வி வரும், போனும் அலறும். பைண்டிங் பக்கம் ஒதுங்கினால் 'பூசாரி' என்று சிரிப்பார்கள். மதியத்துக்கு மேல் சாய்வாக அடித்த மழைக்குக் குடை தாங்கவில்லை. லேப்டாப்பைச் சட்டைக்குள் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிள்ளையார் மேடையின் சின்னக் கூரைக்குக் கீழே குனிந்து நின்றான்.

மாலை, முகம் காட்டினான். போன் இடுப்புவரை எடுத்தது.

குரூப்பில் விழுந்தது. வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டி, உள்ளே எல்லாம் தெரிய, தலையில் வேப்பிலை. பின்னால் பிள்ளையார்.

அவன் உடனே அழித்திருப்பான். ஆனால் மழையில் போன் நனைந்து அணைந்துவிட்டதாம். என்னைத்தான் கூப்பிட்டான், யாருடைய போனிலிருந்தோ. "அம்மா, அண்ணாச்சிகிட்டச் சொல்லி அவரு போன்ல இருந்து எடுக்கச் சொல்லுங்களேன்."

"ஆட்டோமேட்டிக்கா விழறது சார். காலையில பாக்குறேன்" என்றேன்.

வைத்துவிட்டு, குரூப்பைத் திறந்து, போட்டோவுக்குக் கீழே இரண்டு சொல் எழுதினேன். "ஓவர்டைம் போல." சிரிக்கிற முகம் வைக்கவில்லை. அதை மற்றவர்கள் வைத்தார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் அண்ணாச்சி எல்லாரையும் வைத்துக்கொண்டே கேட்டார். "என்னப்பா சபரி, கொட்டுற மழையில பிள்ளையார்கிட்ட என்ன வேண்டுதல்? பொண்ணு அமையலையா?"

அவனுக்கு முன்னால் நான் வாயைத் திறந்தேன். இந்த நிமிடத்துக்காகத்தான் அத்தனை நாளும்.

"அண்ணாச்சி, உங்க போன்லயும் அந்த ஆப் இருக்குல்ல? உங்க ரூம்ல, உங்க சீட்ல ஒக்காந்து திறந்து பாருங்க."

போனார். நாங்கள் வாசலில் நின்றோம். போனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இந்த நாற்காலியில நான் முப்பது வருசமா ஒக்காந்திருக்கேன். என்னை வெளியங்குது?"

நான் வரைந்த காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தேன். வட்டத்தைக் காட்டினேன். பிள்ளையாரைக் காட்டினேன். டீக்கடையைக் காட்டினேன். தகரச் செட்டைக் காட்டினேன். அண்ணாச்சிக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை.

"உனக்கு இது தெரியுமாப்பா?" என்று அவனைக் கேட்டார்.

"போன வாரம்தான் அண்ணாச்சி... சொல்லலாம்னு..."

"தெரிஞ்சுக்கிட்டு, நீ மட்டும் பிள்ளையார் மடியில போய் ஒக்காந்துக்கிட்ட? அதுகளுக்குப் பிடிச்சுக்கிட்டே இருந்த?"

அவன் என்னைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். காகிதத்தின் மடிப்புகள் பழையவை. ஆனால் அந்த நேரத்தில் அவன் பேச்சை யார் கேட்பார்கள்?

மத்தியானமே தன் சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கேட்டில் மிஷின் ஆட்கள் நின்றிருந்தார்கள். சிரித்தார்கள்.

அக்டோபர் 16, வியாழன்

அண்ணாச்சி அனுமதி கொடுத்தார். காம்பவுண்டின் நட்டநடுவில், பைண்டிங் மேஜைகளுக்கு இடையில் நின்று நான்தான் அமுக்கினேன். பூஜை வேண்டாம் என்றுவிட்டார். பிடித்ததையெல்லாம் தீபாவளி போனஸோடு திருப்பித் தர வேண்டும் என்றார். இனிப் போன் விஷயம் முழுக்க என் பொறுப்பு. அழிக்கிற வசதியும் என் போனுக்கு வந்துவிட்டது.

அக்டோபர் 17, வெள்ளி

சுப்புத்தாய் அக்கா வந்தாள். கையில் தீப்பெட்டி மருந்தின் மஞ்சள் கறை. வேலைக்குத் திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தோம். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நான் பேசுவதையெல்லாம் கேட்டாள். வட்டம், பிள்ளையார், நனைந்த சட்டை. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"நல்ல வேலை பண்ணுனத்தா" என்றாள். கொஞ்சம் கழித்து, "அது உனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?" என்றாள்.

"இப்பத்தான் அக்கா. ஆயுத பூஜைக்கு அப்புறம்."

"ம்."

எழுந்து நின்றாள். "ஆயுத பூஜையில அவனையும் பட்டியல்ல சேருங்கன்னு நீதானே கேட்டியாம்? சொன்னாக."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தீபாவளி கழிச்சு யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பினாள். பணியாரம் எதுவும் கொண்டுவரவில்லை. தீப்பெட்டி ஆபீசில் ஏது நேரம்.

அவளை நிறுத்தியது அவன். நான் இல்லை. அந்தப் பாவம் அவன் பெயரில்தான்.

அக்டோபர் 18, சனி

இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்று காலை வேலைக்கு நடுவில் எழுந்து, எல்லார் கண் முன்னாலும் நடந்து, பின் கேட்டைத் திறந்து மைனி வீட்டுக்குப் போனேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கொல்லைக் கதவைத் தாண்டும்போதும் பச்சை. நான் வரைந்த வட்டம் அளவு தப்பவில்லை.

"வந்துட்டியா? இப்பத்தான் புட்டி குடிச்சா" என்றாள் மைனி.

"பரவாயில்ல, குடுங்க."

சுவரைப் பார்த்து உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டேன். பாப்பா என்னைப் பார்த்தாள். என் சங்கிலியைப் பிடித்து விளையாடினாள். நெஞ்சோடு சேர்த்தபோது, பழக்கமில்லாத ஆள் தூக்கியது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை அழுதாள். மைனி கையை நீட்டினாள். அவளிடம் தாவிப்போய், தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"விடுத்தா. மறந்துட்டா. உனக்கும் வத்தித்தானே போச்சு?"

தரையில் போன் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. 'நீங்கள் பணியிடத்துக்குள் இருக்கிறீர்கள்.'

பட்டனைப் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். இதுவும் அவன் பெயரில்தான். எனக்கு எப்போது தெரிந்தது என்று சொல்கிற ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதிப் பக்கத்தை மட்டும் இன்று கிழித்துவிட்டேன்.

கிழித்ததை எரிக்கத்தான் நினைத்தேன். மைனி வீட்டுக் கொல்லை என்று எழுதிய இடத்திலேயே கண் நிற்கிறது. மறுபடி மடித்து உள்ளேயே வைத்திருக்கிறேன்.